நான் மறைத்து வைத்த பல்கலைக்கழகம்

மகள்,

நீ மேலே உன் அறையில் பெட்டி அடுக்குகிறாய். நான் கீழே குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிக்கக்கூடும். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் அழுதுவிடுவேன், அல்லது பாதியில் ஏசிவிடுவேன். இரண்டும் இந்த மாதம் போதிய அளவு நடந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை நீ மணிலாவுக்கு விமானம் ஏறுகிறாய். அங்கிருந்து இன்னொரு சின்ன விமானத்தில், நீ ஐந்து வயது முதல் பதினொரு வயது வரை வளர்ந்த அந்தக் கரும்புத் தீவுக்குப் போகப்போகிறாய். அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கியிருக்கும் மருந்தியல் பிரிவில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது.

மூன்று கிழமைக்கு முன் நீ அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் கேட்ட கேள்வியை நீ மறந்திருக்க மாட்டாய். "லண்டனிலை படிச்சுப்போட்டு பிலிப்பைன்ஸிலை போய்ப் படிப்பிக்கவோ நான் விடிய நாலு மணிக்கு எழும்பி ஆற்றையோ ஒபிஸ் கூட்டினனான்?" என்று கத்தினேன். நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போனாய். அப்பாதான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவள் போறது உனக்குச் சோறு போட்ட இடமெல்லே?" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்தக் கேள்வியைத் திருப்பி எடுக்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் வெறும் மன்னிப்பு உனக்குப் போதாது. அந்த இடத்தின் கதையும், அதில் நான் செய்த பிழைகளும் உனக்கு முழுதாகத் தெரியவேண்டும். அங்கே இருந்த காலத்தில் நீ சின்னப்பிள்ளை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது உனக்குத் தெரியும். அப்பா அப்போது சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அவருக்குச் செய்தி கிடைத்தபோது கப்பல் எங்கேயோ நடுக்கடலில். நானும் நீயும் அகதி முகாமில் இருந்து மன்னாருக்குப் போனோம், அங்கேயும் நிம்மதி இல்லை. அப்பாவோடு வேலை செய்த ரோமி என்ற பிலிப்பினோக்காரர்தான் வழி சொன்னார். தன் பெரியம்மா ஊரில் ஒரு கல்லூரி நடத்துகிறார், இரசாயனம் படிப்பிக்க ஆள் தேடுகிறார், உன் மனுசி அதைத்தானே படிப்பித்தவள் என்று. நான் அந்த நாட்டை வரைபடத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் துறைமுகத்தில் இறங்கியபோது, என் தோளுக்கும் உயரம் வராத ஒரு அம்மா குடையோடு நின்றார். அறுபது வயது தாண்டியிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் வகுப்பு. இயலுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். மாதக்கணக்காக எல்லோரும் என்னைப் பாவம் என்றே பார்த்தார்கள். முதன்முறையாக ஒருவர் என்னை ஆசிரியை என்று பார்த்தார். "இயலும்" என்றேன். அவர்தான் ரோமியின் பெரியம்மா, மாம் கொன்சுவெலோ. அங்கே ஆசிரியைகளை எல்லோரும் 'மாம்' என்றுதானே கூப்பிடுவார்கள், அவரையும் ஊர் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது.

அவர் அந்தக் கல்லூரியைத் தொடங்கிய கதையை நான் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். உலகப் போரில் அந்த ஊர் தரைமட்டமானது. அவருடைய கணவர், பள்ளிக்கூட ஆசிரியர், போரில் செத்துப்போனார். போர் முடிந்ததும் இடிந்த வீட்டின் கீழ்த்தளத்தைத் திருத்தி, மூன்று டைப்ரைட்டரை எங்கேயோ தேடிப் பிடித்து, பதினொரு பெண்பிள்ளைகளுக்குத் தட்டச்சு வகுப்பு வைத்தார். ஒரு மெஷினில் 'e' எழுத்து விழாதாம். "அந்த மெஷினில் பழகின பிள்ளைகள்தான் கெட்டிக்காரிகள். விடுபட்ட இடத்தையெல்லாம் பேனையால் நிரப்பிப் பழகினதால் பிழை விடவே மாட்டார்கள்" என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு கணக்குப்பதிவு வகுப்பு வந்தது. அதன்பின் உயர்பள்ளி, ஆசிரியர் பயிற்சி, சீனி ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு மாலை நேர வணிகப் பாடம், நான் போவதற்குச் சில வருடங்களுக்கு முன் தாதியர் படிப்பு. ஒவ்வொன்றையும் தொடங்கும்போது ஊரில் யாரோ ஒருவர், "இந்த ஊருக்கு இது எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். அவர் யாருக்கும் மறுமொழி சொன்னதில்லை, அடுத்த வகுப்பறைக்கு அத்திவாரம் வெட்டினார். கடைசிவரை தட்டச்சு வகுப்பு நடந்த அதே வீட்டின் மேல்மாடியில்தான் குடியிருந்தார். நாங்களும் அதே மாடியின் பின்னறையில்தானே இருந்தோம். உன்னைத் தன் மடியில் வைத்துத்தான் அவர் கடிதங்களுக்குக் கையெழுத்துப் போடுவார். உனக்கு அது நினைவிருக்கும்.

அவருக்கு ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. தன் கல்லூரி பல்கலைக்கழகமாக வேண்டும். மணிலாவில் இருந்து அதிகாரிகள் வந்து நூலகம், ஆய்வுகூடம், ஆசிரியர்கள், எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். ஆய்வுகூடம் என் பொறுப்பு. இங்கேதான் என் முதல் பிழை. நான் படித்த கொன்வென்ரில் கண்ணாடிக் கருவிகளை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ரீச்சர் செய்து காட்டுவார், நாங்கள் பார்ப்போம். நானும் அப்படியே செய்தேன். ஜெர்மனியில் இருந்து யாரோ கொடையாகக் கொடுத்த கண்ணாடிக் குழாய்கள், குடுவைகள் எல்லாவற்றையும் துடைத்து, வரிசையாக அடுக்கி, திறப்பை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அதிகாரிகள் வரும் நாளில் அந்த அறை பளபளத்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்று பேர் வந்தார்கள். அலுமாரிகளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிறகு அவர்களில் வயதானவர், முன்வரிசையில் நின்ற ஒரு தாதிய மாணவியைக் காட்டி, "இந்தப் பிள்ளை ஒரு அமிலத்தை அளந்து காட்டட்டும்" என்றார். அந்தப் பிள்ளைதான் நெலியா. நான் அலுமாரியைத் திறந்து, சொட்டுச் சொட்டாக அமிலம் விடுகிற அந்த நீளக் கண்ணாடிக் குழாயை அவளிடம் கொடுத்தேன். பரீட்சையில் அந்தப் பாடத்தில் முதல் வந்தவள் அவள். ஆனால் அந்தக் குழாயின் அடைப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். அதிகாரி கொப்பியில் ஏதோ எழுதினார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. இந்த முறை இல்லை. காரணங்கள் பல இருந்தன. அதில் ஒன்று, ஆய்வுகூடக் கருவிகள் காட்சிக்கு மட்டுமே வைக்கப்பட்டுள்ளன என்பது.

மாம் கொன்சுவெலோ அந்தக் கடிதத்தோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் அலுமாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த வருடம் எத்தனை உடைந்தது?"

"ஒன்றுகூட இல்லை, மாம்."

"அதுதான் பிழை" என்றார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். "நீ ஒரு வீட்டை நெருப்பில் விட்டுவிட்டு வந்தவள். கையில் இருக்கிறதைப் பூட்டி வைக்கவேண்டும் என்று தோன்றும். எனக்கும் போருக்குப் பிறகு அப்படித்தான் இருந்தது. ஆனால் இது வீடு இல்லை, பிள்ளைகளின் இடம். திறப்பைத் தா."

கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த அலுமாரி பூட்டப்படவே இல்லை. முதல் குழாயை உடைத்தது நெலியாதான். உடைத்துவிட்டு அழுதாள். நான் அவளோடு சேர்ந்து கூட்டி அள்ளினேன். அடுத்த தவணைக்குள் அவள் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். மகள், நீ நாளைக்கு ஒரு வகுப்பில் நிற்கும்போது உன் மேசை சுத்தமாக இருப்பதைப் பார்த்துப் பெருமைப்படாதே. பிள்ளைகளின் கை என்ன செய்கிறது என்று பார். எனக்கு அதைக் கற்க ஒரு முழுக் கல்லூரியின் கனவு தள்ளிப்போக வேண்டியிருந்தது.

பிறகு ஒரு புயல் வந்து நூலகத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. நனைந்த புத்தகங்களைக் கூடைப்பந்து மைதானத்தில் பரப்பி, ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரு கிழமை முழுக்க ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைத்தோம். எட்டு வயதில் நீ ஒரு அகராதியை 'எனக்கு' என்று எடுத்துக்கொண்டு, வெயிலில் குந்தியிருந்து கடைசிப் பக்கம்வரை பிரித்தாய். ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு புத்தகங்கள் கொண்டுவந்து தந்தார்கள். புயலுக்கு முன் இருந்ததைவிட அந்த நூலகம் பெருத்தது. அந்த மனிதர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிர்கிறது.

அவர்கள் இரண்டாம் முறை விண்ணப்பித்த வருடத்தில்தான் கப்பலை விட்டு லண்டனில் இறங்கியிருந்த அப்பாவுக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்து எங்களுக்கும் விசா வந்தது. அதிகாரிகள் வர இன்னும் ஒரு தவணை இருந்தது. "அதுவரை நில்" என்று மாம் ஒருமுறைதான் கேட்டார். நான் நிற்கவில்லை. ஆறு வருடமாகப் புருசனை விடுமுறையில் மட்டும் கண்டவள் நான், நின்றிருக்க ஏலாது. அவருக்கும் அது விளங்கியது. துறைமுகம்வரை வந்தார். "போய் வா. ஆனால் அங்கே போய் நீ ஆசிரியை என்பதை மறந்துவிடாதே" என்றார்.

நான் மறந்தேன் பிள்ளை. மறந்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது, மறைத்தேன். லண்டனில் டூட்டிங்கில் வந்து குடியேறிய புதிதில் மாதா கோயிலுக்கு வருகிற பெண்கள், "நீங்கள் வெளிநாட்டிலை படிப்பிச்சனீங்களாம், எங்கை?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்ல முதலே ரீட்டா அக்கா, "சிங்கப்பூரிலையாக்கும்" என்றார். நான் சிரித்தேன். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு வருடக்கணக்காக நின்றது. பிலிப்பைன்ஸ் என்றால் இங்கே எல்லோரும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் நாடு என்றுதான் நினைத்தார்கள். நானே அப்போது நோர்தேர்ன் லைன் முதல் ரெயிலில் போய் ஒபிஸ் கூட்டிக்கொண்டிருந்தேன் என்பதை யோசித்தால், இந்தப் பெருமை எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. அந்த நாட்களில்தான் மாமிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. கல்லூரி பல்கலைக்கழகமாகிவிட்டது, விழாவுக்கு வரமுடியுமா என்று. ஒபிஸ் கூட்டுகிறவள் என்ன என்று எழுதுவது? பதில் போடவில்லை. நான் செய்ததில் அது பெரிய பிழை. அதைவிடப் பெரிய பிழையை நீ உன் கண்ணாலேயே பார்த்தாய்.

அப்பர் டூட்டிங் ரோட்டில், மரக்கறிக் கடை வாசலில், ஒரு சனிக்கிழமை. உனக்குப் பதினைந்து வயது. ரீட்டா அக்காவும் இன்னும் இரண்டு பேரும் என்னோடு கதைத்துக்கொண்டு நின்றார்கள். தெருவின் மற்றப் பக்கத்தில் இருந்து, "மாம்! மாம்!" என்று கத்திக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். ஆசுப்பத்திரித் தாதி உடுப்புக்கு மேலே கோட். நெலியா. எனக்குப் பார்த்த உடனேயே தெரியும். அவள் என் இரண்டு கையையும் பிடித்தாள். ரீட்டா அக்கா, "ஆர் இந்தப் பிள்ளை? தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டார். நான் கையை இழுத்துக்கொண்டு, இங்கிலீஷில், நெலியாவுக்கும் விளங்கும்படி, "இல்லை, என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டா" என்றேன்.

அவள் முகம் போன போக்கு இன்னும் எனக்குத் தெரிகிறது. அப்போது என் பின்னால் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நீ திரும்பினாய். "மனாங் நெலியா!" என்றாய். அக்கா என்று அந்த ஊர்ப் பாஷையில். நாலு வருடமாக உன் வாயில் வராத அந்தப் பாஷை அப்படியே கொட்டியது. அவளைக் கட்டிப்பிடித்து நீயும் சிரித்தாய், அவளும் அழுதுகொண்டு சிரித்தாள். நீ என்னைக் குற்றம் சொல்லவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. அவளுடைய விலாசத்தை உன் கையில் எழுதிக்கொண்டாய். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த நாள் முதல் உன்னைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை வந்தது, அதை இன்றுவரை நான் உனக்குச் சொன்னதில்லை.

அடுத்த கிழமை நீ தூக்கத்தில் இருக்கும்போது நீ கொப்பியில் பெயர்த்து எழுதி வைத்திருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு நான் தனியே நெலியாவின் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "எனக்கும் இங்கே வந்த முதல் மாதம் என் ஊர்க்காரர்களைக் கண்டால் ஒளிக்கத் தோன்றியது, மாம்" என்றாள். பிறகு விழாவைப் பற்றிச் சொன்னாள். அவள் லண்டனுக்கு வர முதல் நடந்தது. மாம் கொன்சுவெலோவைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவந்தார்களாம். பெரிய பேச்சு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதை வாசிக்கவில்லை. முதல் தட்டச்சு வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாராம். பிறகு ஆசிரியர்களின் பெயர்கள். "ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்தவள்" என்று என் பெயரையும் சொன்னாராம். அப்படியா சொன்னார், அலுமாரியைப் பூட்டி வைத்தவள் என்றல்லவா சொல்லியிருக்கவேண்டும் என்று கேட்டேன். "இல்லை மாம், திறந்தவள் என்றுதான் சொன்னார்" என்றாள் நெலியா. நான் அவளுடைய சின்னக் கட்டிலில் இருந்து அழுத அழுகையை நல்லகாலம் வேறு ஒருவரும் பார்க்கவில்லை.

மிச்சக் கதை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய், ஆனால் முழுதும் தெரியாது. எனக்கு இங்கே ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது கவுன்சில் நடத்திய மாலை வகுப்பில் படித்ததால் என்றுதானே உங்களுக்குச் சொன்னேன். நெலியாதான் என்னைப் பிடித்திருத்தி விண்ணப்பம் எழுதவைத்தாள். அவளே பல்கலைக்கழகத்துக்கும் எழுதினாள். மூன்று கிழமையில் என் ஆறு வருடச் சேவைக்குச் சான்றிதழ் வந்தது, புதிய பெயர் அச்சடித்த தாளில், பல்கலைக்கழகம் என்ற சொல்லோடு. அதைக் கொண்டுபோய்த்தான் நேர்முகத்தில் வைத்தேன். "இவ்வளவு அனுபவத்தை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை காலம் விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்டார்கள். நான் மறைத்து வைத்த இடம்தான் என்னைக் கூட்டுகிற வேலையில் இருந்து தூக்கிவிட்டது. அதன்பிறகு மாமுக்கு எழுதினேன். அவர் கண் தெரியாமல் போகும்வரை எனக்குப் பதில் போட்டார். ஒவ்வொரு கடிதத்திலும் புதிதாக ஏதாவது ஒரு கட்டடம், ஒரு பிரிவு. கடைசிக் கடிதத்தில்தான் மருந்தியல் தொடங்கப்போகிறார்கள் என்று இருந்தது. போன வருடம் அவர் இறந்தபோது லண்டனில் நெலியா அவருக்காக வைத்த பூசைக்கு நீ வந்தாய், அவளோடு கதைத்தாய். விண்ணப்பம் அங்கேதான் முளைத்திருக்கவேண்டும். நான் அதைக் கவனிக்கவில்லை.

நீ போகிற இடத்தில் உன்னை லண்டன்காரி என்று தனியாக வைத்துப் பார்ப்பார்கள். அதை ஏற்றுக்கொள்ளாதே, அது சுகமாக இருந்தாலும். எந்தத் தெருவில் நீ வளர்ந்தாய், எந்த அறையில் நித்திரை கொண்டாய் என்று சொல்லு. உனக்குப் பிழை வந்தால் பிள்ளைகள் முன்னாலேயே பிழை என்று சொல்லு. ஒருவர் உன்னைத் தேடி ஓடிவந்தால், யார் பக்கத்தில் நின்றாலும் கையைப் பிடி. எனக்கு இதைச் சொல்ல உரிமை குறைவு, ஆனால் அனுபவம் நிறைய உண்டு.

கடைசியாக ஒன்று. போன ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். நீ வரவில்லை, கோபத்தில் இருந்தாய். ரீட்டா அக்கா வந்தார்.

"மகள் வெளிநாட்டுக்குப் போறாளாம், கேள்விப்பட்டன். எங்கை?"

"பிலிப்பைன்ஸுக்கு அக்கா. யூனிவர்சிட்டியிலை படிப்பிக்கப் போறாள்."

"பிலிப்பைன்ஸுக்கோ? லண்டனிலை படிச்சுப்போட்டோ?" மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "அங்கை என்ன யூனிவர்சிட்டி?"

அது மூன்று கிழமைக்கு முன் நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. அடுத்தவர் வாயில் கேட்கும்போதுதான் அது எவ்வளவு சின்னக் கேள்வி என்று எனக்குத் தெரிந்தது.

"என்ரை யூனிவர்சிட்டி" என்றேன். "ஆறு வருசம் நான் அங்கை படிப்பிச்சனான். சிங்கப்பூரிலை நான் ஒருநாளும் இருந்ததில்லை அக்கா. நீங்கள் சொன்னீங்கள், நான் பேசாமல் இருந்திட்டன்."

ரீட்டா அக்கா கோப்பையை மேசையில் வைத்தார். "அப்ப அண்டைக்கு மரக்கறிக் கடையடியிலை ஓடிவந்த பிள்ளை?"

"என்ரை மாணவி" என்றேன். மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். இனி என் மகளும் அங்கே ஒரு ஆசிரியை.

போய் நல்லாய்ப் படிப்பி, பிள்ளை.

அம்மா